பேஸ்மென்ட் சுருதி

கெவின்,

வருகிற சனிக்கிழமை உனக்குக் கலியாணம். அதற்கடுத்த கிழமை நீயும் சாமினியும் கல்கரிக்குப் போகிறீர்கள். இந்த இரண்டைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. சாமினி நல்ல பிள்ளை. கல்கரியில் குளிர் கூட என்றாலும் அது காய்ந்த குளிர், தாங்கலாம் என்று அப்பா சொல்கிறார். ட்ரக்கோடு எத்தனையோ தரம் போய்வந்த மனிசன், தெரியாமல் சொல்லமாட்டார். எனக்கு இருக்கிற கவலை ஒன்றுதான். உன்னுடைய கலியாணத்தில் நீயும் தம்பியும் சேர்ந்து கிற்றார் வாசிப்பதாக இருந்தது. இப்போது யூட் வாசிக்கமாட்டேன் என்கிறான். ஒரு கலியாண வீட்டில் ஒரு பாட்டுக் குறைந்தால் குடிமுழுகிப் போகாது. ஆனால் இந்தச் சனிக்கிழமை விட்டால், நீ அந்தப் பக்கம் போனபிறகு நீங்கள் இரண்டு பேரும் இனி ஒருநாளும் சேர்ந்து வாசிக்கமாட்டீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

விட்பியிலிருந்து வேலைக்குப் போகிற ரெயினில் இருந்துதான் எழுதுகிறேன். வழக்கமாக இந்த நேரத்தில் என் மடியில் ஒரு புத்தகம் இருக்கும். இன்றைக்குப் புத்தகம் பைக்குள் கிடக்கிறது. இதை உனக்கு நேரே சொல்லியிருக்கலாம். சொன்னால், "சில் பண்ணுங்கோ, அம்மா" என்று தோளில் தட்டிவிட்டுப் போவாய். எனக்கும் நேரே கதைக்க அவ்வளவாக வராது, அது உனக்குத் தெரியும். தமிழை நீ மெதுவாகத்தான் வாசிப்பாய். இது மெதுவாக வாசிக்கவேண்டிய விசயம்தான்.

உன்னைப் பெறும்போது எனக்கு இருபது வயது. சேர்ச்சுக்கு, பூசைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போனால் புதிதாக வந்த ஆட்கள் என்னை உங்களுக்கு அக்காவோ என்று கேட்பார்கள். ஒரு தாய்க்குத் தெரிந்திருக்கவேண்டியவை எல்லாம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பலதை உங்களோடு சேர்ந்துதான் பழகினேன். அதிலொன்று கிற்றார். மல்வேர்னில் வரிசை வீடொன்றில், ரவுன்ஹவுசில் இருந்தபோது அப்பா யாரோ வீட்டு வாசலில் விற்பனைக்குப் போட்டிருந்ததை வாங்கிக்கொண்டு வந்தார். மரத்துக்குச் சூடு கூடாது என்று தெரியாமல் அந்தக் குளிர்காலம் முழுக்க அதை ஹீற்றரோடு சாத்தி வைத்தவள் நான். தந்திகளை அடியில் பிடித்திருக்கிற மரத்துண்டு மெல்லக் கிளம்பிவிட்டது. திருத்துகிற கடைக்காரன் பார்த்துவிட்டு, இதைத் திருத்துகிற காசுக்குப் புதிது வாங்கலாம், இல்லையென்றால் தந்தியை முறுக்காமல் தொளதொளவென்று வைத்து வாசியுங்கள் என்றான். புதிது வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. நீ தொளதொளவென்றே வாசித்தாய். ஈரச் சீலையை உதறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

பிறகு ஒருநாள் லைபிரரியிலிருந்து எடுத்துவந்த ஒரு சீடியைக் காதில் போட்டுக்கொண்டு நீ படியில் நின்று கத்தினாய்: "அம்மா! அவங்கள் வேணுமெண்டே தளர்த்துறாங்கள்!" அது ஹவாய்த் தீவுக்காரரின் கிற்றார். தந்திகளை வேண்டுமென்றே இறக்கி, ஒன்றையும் அமத்தாமல் தடவினாலே ஒரு முழுப் பாட்டின் ஓசை வருகிற மாதிரி வைத்து வாசிக்கிற முறை. நீ பாட்டைக் கேட்டாய், நான் புத்தகம் வாசித்தேன். அடுத்த சனிக்கிழமை அதைப் பற்றிய புத்தகம் ஒன்று எடுத்துவந்தேன். மாடு பிடிக்க மெக்சிக்கோ பக்கத்திலிருந்து ஆட்களை அந்தத் தீவுக்குக் கூப்பிட்டார்களாம். அவர்கள் வரும்போது கிற்றாரும் வந்ததாம். வேலை முடிந்து அவர்கள் திரும்பிப் போனபோது கிற்றார் மட்டும் நின்றுவிட்டது. எப்படிச் சுருதி சேர்ப்பது என்று ஒழுங்காகச் சொல்லித்தர ஆளில்லை. தீவுக்காரர் தங்கள் கைக்கும் தங்கள் தொண்டைக்கும் ஏற்ற மாதிரித் தந்தியை இறக்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு சுருதி. அதை வெளியாருக்குச் சொல்வதில்லை. வேற்றாள் வந்தால் தந்திகளைக் குலைத்துவிட்டுத்தான் கிற்றாரைக் கீழே வைப்பார்களாம்.

உங்கள் இரண்டு பேருக்கும் பாட்டைவிட இந்த ரகசியம்தான் பிடித்துப்போனது. அப்பாவுக்கு மாடு பிடித்துப்போனது. "மாட்டுக்காரன் பாட்டோ? அது நான் ரோட்டிலை நெடுகக் கேக்கிறதுதானே" என்று, ட்ரக் றேடியோவில் கேட்ட கவ்போய்ப் பாட்டுகளைக் குசினியில் நின்று பாடிக்காட்டினார். குரலை உடைத்து உடைத்து மேலே எடுப்பார்களே, அதையும் செய்துகாட்டினார். "அப்பா, பக்கத்து வீட்டு நாய் மறுமொழி சொல்லுது" என்றான் யூட். "அது ரசிக்குதடா" என்றார் அப்பா. அவர் கவ்போய்ப் பாட்டில் தொடங்கினால், தன்னுடைய மன்னார்ப் பக்கத்து நாட்டுக்கூத்து மெட்டில்தான் போய் முடிப்பார். வழியில் எங்கே மாறினார் என்று ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் செய்கிற கலவையை இப்போது ஆட்கள் புதுமை என்கிறார்கள். எனக்கு அது சோறு அவிகிற நேரத்துச் சத்தம்.

அந்த நாட்களில் நீங்கள் சுருதியைக் காத்த மாதிரி பாஸ்போட்டைக்கூட ஆரும் காக்கமாட்டார்கள். மார்க்கம் ரோட்டு ஹோலில் ஒரு பிறந்தநாள் விழாவில் நீங்கள் சாப்பிடப் போன இடைவெளியில், ரஞ்சன் அங்கிள் கிற்றாரை எடுத்துத் தடவிப் பார்த்தார். "எட தம்பியவை, உது எல்லாம் குழம்பிக் கிடக்குது. பொறுங்கோ, நான் சேத்துத் தாறன்." ஆள் இளமையில் பைலாப் பாட்டுக் கோஷ்டியில் வாசித்தவர். நீங்கள் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவர முதலே ஆறு தந்தியையும் முறுக்கி முடித்துவிட்டார். கிளம்பியிருந்த மரத்துண்டு டக்கென்று கழன்று கேக்குக்குப் பக்கத்தில் விழுந்தது. "நல்ல சாமான் வாங்கவேணும் அப்பன்" என்று அவர் உனக்கே புத்தி சொன்னார். யூட் அழுவதா சிரிப்பதா என்று உன் முகத்தைப் பார்த்தான். நீ சிரித்தாய். அதற்குப் பிறகுதான் அவனும் சிரித்தான். எந்த நேரத்திலும் அவன் உன்னைப் பார்த்துத்தான் முடிவெடுத்தான். அதை நீ கவனித்தாயோ தெரியாது, நான் கவனித்தேன்.

அந்த வயதில் அவன் பூசையில் தனியாகப் பாடுகிற பிள்ளை. மெல்லிய, உயர்ந்த குரல். ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதிலுரைப் பாடலின் நடுவில், அவனுடைய குரல் உடைந்தது. உடைந்தது என்றால் கொஞ்சநஞ்சமில்லை. வாத்துக் கத்தியது மாதிரி ஒரு சத்தம் மைக்கில் போய் கோயில் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் பெடியள் சிரித்தார்கள். பெரியாக்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவன் பாதியில் நிறுத்திவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தான். பாடகர் குழு அன்ரி வந்து கேட்டபோது, "பிள்ளைக்குத் தடிமன், தொண்டை கட்டிப்போச்சு" என்று நான் சொன்னேன். காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். மறைக்கவேண்டிய ஒன்று என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு அவன் பாடவில்லை. வீட்டில் கதைப்பதுகூடக் குறைந்துவிட்டது.

அந்தக் குளிர்காலம் நீ பேஸ்மென்டில் என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்பதை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. வோஷிங் மெஷினில் உடுப்புப் போட வரும்போது கேட்டேன். அப்பா பசை போட்டு ஒட்டித்தந்த கிற்றாரை நீ மடியில் வைத்துக்கொண்டு, "பாடு" என்பாய். அவன், "ஏலாது." "சரி, பாடவேண்டாம். கதைக்கிற குரலிலை ஒரு சத்தம் போடு." அவன் வேண்டாவெறுப்பாக ம்ம் என்பான். நீ ஒரு தந்தியை அந்தச் சத்தத்துக்கு இறக்குவாய். "இதுவோ?" "இன்னும் கீழை." "இதுவோ?" "இன்னும்." தந்தி மரத்தில் பட்டு இரையும் அளவுக்கு இறக்கினாய். கிழமைக்குக் கிழமை அவனுடைய குரல் மாறியது. நீயும் மாற்றிக்கொண்டே இருந்தாய். பனி உருகுகிற நாட்களில் ஒருநாள் நான் படியில் இறங்கும்போது அவன் பாடிக்கொண்டிருந்தான். தாழ்ந்த, கொஞ்சம் கரகரத்த, ஒரு பெரிய மனிசனின் குரல். நான் உடுப்புக் கூடையோடு திரும்பி மேலே போய்விட்டேன். நீங்கள் அதற்குப் பேஸ்மென்ட் சுருதி என்று பெயர் வைத்தீர்கள். இன்றைக்கு உங்களைத் தேடி ஆட்கள் வருவது அந்தச் சுருதிக்காகத்தான். கோப்பிக் கடைகளில் வாசித்தபோதும் சரி, போன கோடையில் பூங்காவில் அவ்வளவு சனத்துக்கு முன்னால் வாசித்தபோதும் சரி, பாட்டு முடிந்தவுடன் இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து தந்திகளைக் குலைப்பீர்கள். ஆட்கள் அதற்கும் கைதட்டுவார்கள்.

போன மாதம் றிச்மண்ட் ஹில்லில் சாமினி வீட்டில் நீ அவளுக்கு அந்தச் சுருதியைச் சொல்லிக்கொடுத்தாய். அவள் போனில் பிடித்தாள். நானும் பார்த்தேன். வடிவான வீடியோ. கட்டப்போகிறவளிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடவேண்டும் என்று ஒரு ஆசை வரும், எனக்கும் வந்தது, அதில் பிழை இல்லை. நீ தந்திகளை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, "தம்பியின்ர குரல் பூசையிலை வாத்து மாதிரி உடைஞ்சு போச்சு, முழுச் சேர்ச்சும் சிரிச்சது, ஸோ நாங்கள் கிற்றாரைத் தளர்த்தினம்" என்றாய். சாமினி சிரித்தாள். நீயும் சிரித்தாய். அதை அவள் எல்லோரும் பார்க்கப் போட்டாள். போன சனிக்கிழமை அவர்கள் வீட்டில் பொன்னுருக்கு, தாலிக்குப் பொன் உருக்குகிற நாள். சேர்ச்சுக்குப் போகிற நமக்கு அந்தச் சடங்கு இல்லாதபடியால் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் தடுமாறிக்கொண்டு நின்றோம். தட்டாரிடம் நாணயத்தை எந்தக் கையால் கொடுப்பது என்று அப்பா என்னைக் கேட்டார், எனக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் சாமினி பக்கத்து உன் மச்சான்மார் யூட்டைக் கண்டதும் மூன்று பேரும் சேர்ந்து வாத்துப் போலக் கத்தினார்கள். சாமினியின் அம்மம்மாவுக்கு விளங்காமல், "ஆர் பிள்ளை, வாத்து வளக்கிறவர்?" என்று கேட்க, வீடே சிரித்தது. யூட்டும் சிரித்தான். பிறகு சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்க் காருக்குள் இருந்தான்.

நீ போய் மன்னிப்புக் கேட்டாய். நான் கதவடியில் நின்றேன். "சொறி டா, சுருதியை வெளியிலை விட்டிருக்கக்கூடாது. வீடியோவை எடுக்கச் சொல்லுறன்." அவன், "இட்ஸ் ஜஸ்ட் எ டியூனிங், அண்ணா. இருக்கட்டும்." "அப்ப சனிக்கிழமை?" "டிஜே வருவார்தானே." நீ தோளைக் குலுக்கிக்கொண்டு வந்தாய். வீட்டுக்கு வந்து என்னிடம், "அவனுக்கு எரிச்சல் அம்மா. நான் போறதும் எரிச்சல், சாமினியும் எரிச்சல்" என்றாய். இப்போது சொல்கிறேன். நீ மன்னிப்புக் கேட்டது பிழையான விசயத்துக்கு. அவனுக்குச் சுருதி போனது பெரிதில்லை. இத்தனை வருசமாக ஆரும் கதைக்காத அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ எடுத்து வெளியே போட்டாய். அவன் வளர்ந்து, தாடி வைத்து, சனத்துக்கு முன்னால் பாடுகிறவனாக ஆனபிறகு, திரும்பவும் அவனைச் சிரிப்புக்கு ஆளாக்கினாய்.

கலியாணம் கட்டப்போகிற உனக்கு நான் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. நானும் அப்பாவும் இதையெல்லாம் யோசித்துச் செய்தவர்கள் இல்லை. அவர் பாதி மாதம் ரோட்டில், நான் பாதி நாள் புத்தகத்தில். இருந்தாலும் ஒன்று சொல்லலாம். உன்னுடையது எல்லாவற்றையும் சாமினிக்குக் கொடு. உன் பயத்தையும், வெட்கத்தையும், சின்ன வயதில் செய்த அநியாயங்களையும் கொடு. அவள் தாங்குவாள். ஆனால் தம்பியுடையது ஒன்று உன் கையில் இருந்தால், அதைக் கொடுக்கமுதல் தம்பியைக் கேள். நாளைக்கு அவளுடையது உன் கையில் இருக்கும்போதும் அப்படித்தான். கல்கரியில் புதுச் சிநேகிதர்கள் வருவார்கள், சாப்பாட்டு மேசையில் கதை வேண்டும், நீ நன்றாகக் கதை சொல்கிறவன். அந்த இடத்தில்தான் கவனமாக இருக்கவேண்டும். தங்கள் சுருதியை ஒளித்துவைத்த அந்தத் தீவுக் குடும்பங்களைப் பற்றி வாசித்தபோது எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. அவர்கள் தந்தியைத்தான் ஒளித்தார்களோ, வேறு எதையோ என்று இப்போது யோசிக்கிறேன்.

இவ்வளவையும் ரெயினில் எழுதி முடித்தேன். ஆனால் இதை இப்படியே உன்னிடம் தந்தால் நீ செய்ததைத்தான் நானும் செய்தவளாவேன். பின்னேரம் யூட் என்னை ஏற்றிப்போக ஸ்டேஷனுக்கு வந்தான். கார் நிற்கிற இடத்திலேயே, "கொஞ்சம் பொறு, ஒண்டு வாசிக்கிறன், கேள்" என்று முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். மற்றக் கார்கள் எல்லாம் போய் இடம் வெறிச்சோடிவிட்டது. முடிந்ததும், "கடிதத்திலை வாத்தை வெட்டவோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றான். பிறகு, "அம்மா, நீங்களும் பிழை."

"என்ன பிழை?"

"சிரிச்சது எனக்குப் பிரச்சினையே இல்லை. வாத்து மாதிரித்தான் இருந்தது. ஐ வாஸ் தேர். அவன் வீடியோவிலை என்ன சொன்னவன்? குரல் உடைஞ்சுது, ஸோ தளர்த்தினம். தட்ஸ் இற். அவ்வளவுதானோ? அந்த வின்ரர் முழுக்க அவன் என்னோடை அதுக்குள்ளை இருந்தவன். பாஸ்கெற்போல் ரீமை விட்டிட்டு வந்து இருந்தவன்."

"அவனை ரீமிலை எடுக்கேல்லை எண்டல்லோ சொன்னவன்?"

"எடுத்தவை அம்மா. அவன்தான் போகேல்லை. பின்னேரம் பிராக்டிஸ், அந்த நேரம் நான் தனிய வீட்டிலை நிப்பன் எண்டு." அவன் கண்ணாடிக்குத் தண்ணீர் அடித்துத் துடைப்பானை ஓடவிட்டான். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. "எனக்கு ஆரும் செய்ததிலை பெரிய விசயம் அதுதான். அவன் அதை ஒரு ஜோக் ஆக்கிப்போட்டான். தான் செய்ததை வெட்டிப்போட்டு வாத்தை மட்டும் வைச்சிருக்கிறான். அவனுக்கு அது ஒண்டுமே இல்லையோ எண்டு எனக்கு இருந்தது."

இவ்வளவு எழுதியும் எனக்குத் தெரியாதது இருந்திருக்கிறது. மேலே எழுதியதைத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன். நான் எங்கே பிழைவிட்டேன் என்று நீயும் பார்க்கலாம்.

"அப்ப சனிக்கிழமை?" என்றேன்.

காரை எடுத்துக்கொண்டே சொன்னான்: "நான்தானே மாப்பிள்ளைத் தோழன். மைக்கை எனக்குத் தரச் சொல்லுங்கோ. அந்தக் கதையை நான் சொல்லுறன். முழுக்கச் சொல்லுறன். அதுக்குப் பிறகு வாசிப்பம்."

"பாடுவியோ?"

"குரல் மிச்சமிருந்தால்."

ஆகவே கெவின், சனிக்கிழமை ஹோலில் கேக் வெட்டினபிறகு யூட் மைக்கை வாங்குவான். மச்சான்மார் கத்துவார்கள், கத்தட்டும். நீ இடையில் ஒரு பகிடி விடப் பார்ப்பாய். எனக்கு உன்னைத் தெரியும், ஆராவது உன்னைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்லத் தொடங்கினால் உனக்கு இருக்கை கொள்ளாது. பகிடி விடாதே. எழும்பாதே, குறுக்கே போகாதே, கிற்றாரையும் தொடாதே. சாமினிக்குப் பக்கத்தில் இருந்து, அவன் சொல்லி முடிக்கும்வரை கேள்.

அம்மா